பொருள் எண் ஏழு

கொடி வந்த பெட்டியை மேசைமேல் பிரித்ததும்
முதலில் கவனித்தவர் பொருளாளர் எக்பெர்ட் ஸ்டைக்கலே:
"கல் எங்கே?"

நீலத்தில் வெள்ளி நாரை.
வெள்ளை என்று எழுதினால் ஆவணக் காப்பகம் திருப்பி அனுப்பிவிடும்.
கேடயத்தில் வெள்ளை வெள்ளி, மஞ்சள் பொன்,
பார்ப்பவரின் இடம் கேடயத்துக்கு வலம்.
கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான்,
பதினோரு வருடத்தில் பழகிவிட்டது.

தூக்கிய காலில் ஒரு கல் இருக்கவேண்டும்.
காவல் நிற்கும் நாரை கண்ணயர்ந்தால்
கல் நழுவும், சத்தத்தில் விழித்துக்கொள்ளும்.
கிரான்ஸ்ஹோஃபன் முத்திரையில்
ஐந்நூறு வருடமாக இப்படித்தான் நிற்கிறது.
தீயணைப்பு வண்டிக் கதவில்,
பீர்க் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையில்,
குப்பைத்தொட்டியின் ஒட்டுத்தாளிலும்கூட.

புதுக் கொடியில் கால் மட்டும்.
விரல்கள் மடங்கியிருக்கின்றன, எதையோ பிடித்ததுபோல.

பொருள் எண் ஏழு.
ஆறு, மழலையர் பள்ளி வேலி. எட்டு, சாக்கடை.
திருப்பி அனுப்பலாம் என்றார் மேயர்.
சந்தை ஞாயிறுக்குள் வராது என்றார் ஸ்டைக்கலே.
சாம்பல் நூலில் நாமே தைத்துவிடலாமே,
ஒரு உருளைக்கிழங்கு அளவுக்கு,
யார் ஏணி வைத்துப் பார்க்கப்போகிறார்கள் என்றது ஒரு குரல்.
சிரித்தோம்.

கெர்லிண்டே ஹாஸ்லிங்கர் எழுந்தாள்.
ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடும் கடைக்காரி,
சாக்கடை தவிர வேறெதற்கும் வாய் திறக்காதவள்.

"கல் தொலையவில்லை.
எங்கள் கடைப் பேரேட்டில் இருக்கிறது.
முப்பத்தெட்டு, நவம்பர் பன்னிரண்டு.
பெரிய கண்ணாடி இரண்டு, பொருத்துகூலி உட்பட.
துணிக்கடை நாத்தான் ஆபர்டோர்ஃபர்.
பணம் கட்டியவர்: அவரே."

சூடேற்றும் குழாய் டிக் டிக்கென்றது.
யாரோ பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
மேயர் என்னைப் பார்த்தார்,
இதையும் எழுத வேண்டுமா என்பதுபோல.
தொகை எவ்வளவு என்று அவளிடம் கேட்டு
அதையும் எழுதினேன்.

முடிவு: ஒத்திவைப்பு.

ஞாயிறன்று அந்தக் கொடியே ஏறியது, வேறு இல்லை.
தேன் விற்றார்கள், தூரிகை விற்றார்கள், நல்ல காற்று.
காற்று திரும்பும்போதெல்லாம் நாரையும் திரும்பி
சந்தையின் மறுபக்கம் பார்த்தது.
துணிக்கடை இருந்த இடத்தில் இப்போது
காதுக்கருவி விற்கிறார்கள், ஞாயிறு விடுமுறை.

வாஃபிள் வரிசையில் நின்றபடி
ஒரு காலைத் தூக்கிப் பார்த்தேன்.
அதிக நேரம் முடியவில்லை.