ஒன்பதாம் மாடிக்கு

லிஃப்ட் செத்து நாலு வருஷம்.
பெயர் மாற்றிய பிறகும் டர்பனில் எல்லோரும்
கிரே தெரு என்றே சொல்லும் தெருவில்
எங்கள் கட்டடத்தில் மேலே போனதெல்லாம்
யாரோ ஒருவர் முதுகில்தான் போனது:
காஸ் சிலிண்டர், இடுப்பொடிந்த மிஸஸ் மூஸா,
பிறகு மண்.

மண்ணைத் தொடங்கியது ஸோட்வா.
தினம் ஒரு பெயின்ட் வாளி, நூற்று அறுபத்திரண்டு படி.
எட்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்குவாள்.
கதவைத் திறந்து தண்ணீர் கொடுப்பேன்.
மூன்றாம் வாரம் என் கையிலும் ஒரு வாளி.
எப்படி என்று கேட்காதீர்கள்.

மொட்டை மாடியில் தாரும் புறா எச்சமும்.
அதன்மேல் உடைந்த குளியல் தொட்டிகளில்
கொத்தமல்லி, பூசணி,
அவள் அமடும்பே என்றும் நான் சேம்பு என்றும் சொல்வது.
யார் மொழியிலும் அந்த இலையில்
மழை ஒட்டவில்லை.

பூசணி பூத்தது, காய்க்கவில்லை.
ஆண் பூவைக் கிள்ளி நானே தேய்த்துப் பார்த்தேன்.
ஒன்று பிடித்தது. பதினேழு அழுகின.

ஓர் ஆகஸ்டில்
வெப்பக்காற்று துணிக்கொடியை அறுத்த மத்தியானம்
கறுப்பாய் ஒரு மேகம் முனகிக்கொண்டே வந்து
லிஃப்ட் மோட்டார் அறைக்குள் நுழைந்தது.
வாடகை பேசவில்லை.

அந்த வருஷம் பூசணி மாடி மாடியாக இறங்கியது.
முடிவெட்டும் ழான்-போஸ்கோ
பூவையே பொரித்துத் தின்றார்.
தேன்சிட்டு வந்தது, பெயர் தெரியாத வண்டு வந்தது,
வண்டைத் தின்னப் பச்சோந்தி வந்தது
(ஸோட்வா அதைத் தொடமாட்டாள்),
நான்காம் மாடியிலிருந்து
வீங்கிய காதோடு புகார்க் கடிதம் வந்தது.

பணமும் சேர்ந்தது. கருவிப் பெட்டியோடு
மேலே போன படையாச்சி
தொப்பி இல்லாமல் ஓடிவந்தார்:
"கப்பியில அடை கட்டியிருக்கு!"

மருந்தடி என்றது ஒரு கை. பிறகு பல கைகள்.
கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நான்
மிஸஸ் மூஸாவைப் பார்த்தேன்,
அவரைத் தூக்கிவந்த நாற்காலியைப் பார்த்தேன்,
பேனாவை மூடினேன்.
"நாலு வருஷம் பொறுத்தேன்," என்றார் அவர்.
"ஒரு வாரம் என்ன."

மின்வெட்டு இரவு. சிவப்புத்தாள் சுற்றிய டார்ச்.
சிவப்பு அவற்றுக்குத் தெரியாதாம்.
ஸோட்வா அடையை அறுத்து அறுத்துச் சட்டத்தில் கட்ட
நான் புகை போட்டேன்,
சாம்பிராணிதான், வீட்டில் வேறெதுவும் இல்லை.
பாதிக் கூட்டம் பெட்டிக்குள் வந்தது.
மீதி விடிந்ததும் துறைமுகப் பக்கம் போனது,
சர்க்கரைக் கிடங்குக்கோ எதற்கோ.
என் இடது கண் மூன்று நாள் திறக்கவில்லை.

இப்போது லிஃப்ட் ஓடுகிறது.
வெயில் ஏறினால் மெழுகு வாசனை.

நேற்று வேலை முடிந்து ஏறினேன்.
கண்ணாடியில் ஒரு தேனீ,
பின்கால்களில் மஞ்சள் மூட்டை,
எந்த மாடியில் தவறி நுழைந்ததோ.

என் வீடு எட்டில்.
ஒன்பதை அழுத்தினேன்.