சின்ன டிக்

சுன்னாகம் சந்தையில் ஆறு வாங்கினேன்.
ஏழாவது இனாம்.
"தாராதானே தம்பி, தண்ணி காட்டினால் தன்ரைபாட்டிலை வளரும்"
என்றான் விற்றவன்.
நான் டிப்போவில் டிக்கெட் மெசின் திருத்துகிறவன்.
கழற்றிப் பூட்ட முடியாத சாமான் எதையும்
அதுவரை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

டிவி வந்த பெட்டி.
நாற்பது வாட் பல்ப் ஒன்று.
மரியநாயகத்தின் தச்சுப் பட்டறையில் அள்ளிய மரத்தூள்,
முகப்பவுடர் மாதிரி மெல்லிசு,
அதிலும் கட்டி கிடந்தால் விரலால் உடைத்து விரித்தேன்.
போத்தல் மூடியில் தண்ணீர்;
கூட வைத்தால் அமிழ்ந்துபோகும் என்ற பயம்.
கொக்குவிலில் அந்த மாதம் டெங்கு.
சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாகச் சிரட்டை கவிழ்த்துக்கொண்டு திரிந்தார்.
பெட்டிக்குப் பக்கத்தில்
விடியுமட்டும் ஒரு நுளம்புத்திரி.

குஞ்சுகளை நுளம்பு கடிக்கக்கூடாது.

நாலாம் இரவு அந்தச் சத்தம்.
டிக்.
பல்ப் என்று நினைத்தேன், ஹோல்டரை இறுக்கினேன்.
டிக்.
மணிக்கூட்டில் பற்றியைக் கழற்றினேன்.
நேரம் நின்றது, சத்தம் நிற்கவில்லை.
பெட்டிக்குள் ஒன்று
சொண்டைத் திறந்தபடி இருந்தது.
ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் வால் நுனி
இறங்கி ஏறியது,
ஓட்டை ட்யூபுக்குக் காற்றடிக்கிற
சைக்கிள் பம்பு மாதிரி.

எல்லாருக்கும் மருந்து தெரிந்திருந்தது.
எதிர்வீட்டு அருந்தவமலர்
உள்ளி நசித்துப் பருக்கச் சொன்னா.
கன்ரீன் குலேந்திரன் விக்ஸ் பூசு என்றான், எங்கே என்று சொல்லவில்லை.
கௌதமி
ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்து
செருப்புக் கழற்றாமல் நின்று கேட்டாள்:
"இந்த மணத்துக்குள்ளை உங்களுக்கு மூச்சு விடேலுமோ?"

விட்டுப் பார்த்தேன்.
முழங்காலில் நின்று, தலையைப் பெட்டிக்குள் இறக்கி,
அவை படுக்கிற உயரத்தில்.
ஈரத் தூளின் காரம்,
அதற்கு மேல் இரவுப் புகை.
கண் எரிந்தது.
நாலு நாளாக மேலே நின்று பார்த்திருக்கிறேன்.

அன்று காலை இரண்டு எழும்பவில்லை.
அதில் ஒன்று இனாமாக வந்தது.
எனக்கு இப்போதும்
எது என்று நிச்சயமில்லை;
எல்லாம் மஞ்சள்.

மிருக வைத்தியர் சாருமதி
ஒரு சினை ஆட்டுக்கும் இருமுகிற அல்சேஷனுக்கும் நடுவில்
எங்களைக் கூப்பிட்டா.
சப்பாத்துப் பெட்டியில் ஐந்து பேர், பிடித்தபடி நான்.
கீழே என்ன விரிச்சனீங்கள்?
தண்ணி எவ்வளவு ஆழம்?
இரவிலை பக்கத்திலை ஏதும் கொளுத்துறனீங்களோ?
மூன்றாம் கேள்விக்கு
அல்சேஷனைப் பார்த்தேன்.
அவ ஏசவில்லை. துளிமருந்து எழுதினா.
ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

தாரா தலையைத் தாழ்த்தி ஊதித்தான்
மூக்கோட்டையைக் கழுவுமாம்.
நான் காப்பாற்றுவதாக எண்ணி
மறித்து வைத்த தண்ணீரில்.

இப்போது ஐஸ்கிரீம் டப்பா, பாதி நிரப்பியது,
ஏறி இறங்க ஒரு ஓட்டுத் துண்டு.
தூளுக்குப் பதிலாகத் தடித்த மரச்சீவல்,
ஈரம் பட்ட இடத்தை உடனே அள்ளுகிறேன்.
என் நுளம்புவலை பெட்டிக்கு மேல்.
வெளியே இருக்கிற என்னை நுளம்பு கடிக்கிறது.
கடிக்கட்டும்.

முதல் முறை ஒன்று தலையை முக்கி எடுத்து
தும்மியது.
முகமெல்லாம் தண்ணீர்.
துடைக்காமல் கௌதமியை எழுப்பப் போனேன்,
பிறகு, பாவம், தூங்கட்டும் என்று திரும்பினேன்.

நாலு தேறிவிட்டன.
ஐந்தாவதுக்கு அந்தச் சத்தம் நிற்காமலும் போகலாம் என்று
வைத்தியர் முதலே சொன்னவ.

இரவில்
டிக் கேட்டால் நித்திரை வருவதில்லை.
கேட்காவிட்டால்
எழும்பி லைற்றைப் போடுகிறேன்.