ஊற்றுவாய் முதலில்

வடிதிருகில் முதலில் கை வைக்காதீர்கள்.
ஊற்றுவாய்த் திருகு கழல்கிறதா பாருங்கள்,
அப்புறம் வடியுங்கள்.
ராணிப்பேட்டையில் ஒருத்தர் இதை மாற்றிச் செய்து
இருந்த எண்ணெயெல்லாம் இறங்கிய பிறகு
மேல்திருகு இறுகி, தலை சிதைந்து,
இரண்டு மாதம் வண்டியைக் கட்டைமேல் நிறுத்தியிருந்தார்.
அந்த ஒருத்தர் நான்தான்.

அறுபத்திரண்டாம் வருஷத்து அமெரிக்க வண்டி.
பெயர் எழுத்துகளை எவரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.
மூடின தோல் ஷாப்பு ஏலத்தில்
உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது.
மற்றவர்கள் எடைக்குக் கேட்டார்கள்.
நைட் ஷிஃப்ட் முடித்த வெள்ளைச் சீருடையோடு
நான் ஓட்டக் கேட்டேன்.
"வீட்டுக்காரருக்காம்மா?"
அவருக்கு ஸ்கூட்டர் போதும்.

சாதாரண கிரவுனுக்கு ஒரு கெட்ட புத்தி.
ஒரு சக்கரம் தாரில், ஒன்று மணலில் என்றால்
சுழற்சி முழுக்க மணலுக்கே போகும்.
சும்மா சுற்றுபவனுக்கு முழுச் சோறு,
சுமப்பவனுக்கு வெறும் சும்மாடு.
இந்த வண்டியின் கிரவுனுக்குள் தட்டுகள் இருக்கின்றன,
உள்ளங்கை அகலம், அடுக்கடுக்காக,
வில் வைத்து அழுத்தி.
ஒன்று தனியாகத் துள்ளினால் இவை பிடித்துக்கொள்ளும்.
முழுக்கப் பிடித்தாலும் ஆகாது,
திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓடியாக வேண்டும்.
நழுவ விட வேண்டும், நழுவிப் போக விடக் கூடாது.
இதற்குத்தான் இத்தனை எண்ணெய்க் கணக்கும்.

காகிதப்பட்டறை ஆயில் கடையில் தஸ்தகீர்
"தொண்ணூறு நம்பர் தானேக்கா, எல்லாம் ஒண்ணுதான்" என்று
லாரிக்கு ஊற்றும் டப்பாவை நகர்த்தினார்.
ஒண்ணு இல்லை.
ஜிஎல் அஞ்சில் கந்தகம் தூக்கல்.
கிரவுன் பல்லுக்கு அது காவல்,
பழைய கியர் பெட்டியின் பித்தளைக்கு அரிப்பு.
பெட்டிக்கு நாலு, பின்னச்சுக்கு அஞ்சு.
அதோடு ஒரு சின்னக் குப்பி,
இருமல் மருந்து அளவு.
அது சென்னையிலிருந்து வர ஒன்பது நாள் ஆனது.
"இதுல என்னக்கா இருக்கு?"
"பிடிக்கிறதை மெதுவாப் பிடிக்கச் சொல்ற மருந்து."
"எங்க வூட்டுக்கும் ஒண்ணு சொல்லுங்க."

சூடாக்கித்தான் வடிக்க வேண்டும்.
வாலாஜா வரை போய்த் திரும்பினேன்.
கறுப்பாக, சோம்பலாக இறங்கியது.
காந்தத்தில் சாம்பல் கூழ்.
விரலிடுக்கில் தேய்த்தேன்:
மைபோல் இருந்தால் தேய்மானம், நறநறத்தால் உடைசல்.
மைதான்.
வார்டில் டிரெயின் பாட்டிலைத் தூக்கிப் பார்க்கும்
அதே கண், அதே கேள்விகள்:
நிறம் என்ன, அளவு என்ன, கட்டி உண்டா.

புது எண்ணெய் ஊற்றுவாய் வரை ஏறித்
தானே வழிய வேண்டும். அதுதான் அளவு.
கந்தக வாடை இரண்டு நாள் கையை விடவில்லை.
தெருவில் யாரும் மூக்கைச் சுளிக்கவும் இல்லை.
இந்த ஊரில் எல்லார் கையிலும்
ஏதாவது ஒரு தொழில் நாறிக்கொண்டுதான் இருக்கும்.

கடைசி வேலை, எட்டு போடுவது.
லைசென்ஸுக்குப் போடும் அதே எட்டு.
தட்டுகளின் இடுக்கெல்லாம் எண்ணெய் நுழைய
இடம் வலம் இடம் வலமென்று.
விடியற்காலை பாலாற்றில்,
மணல் அள்ளித் தீர்ந்த கெட்டித் தரையில் போட்டேன்.
முதல் எட்டில் பின்னால் தகரம் உருளும் சத்தம்.
ஐந்தாவதிலும் அதேதான்.
ஆடு ஓட்டிவந்தவர் நின்று கேட்டார்,
"ஆர்டிஓ எங்கம்மா உக்காந்திருக்காரு?"
ஒன்பதாவதில் முனகல்.
பன்னிரண்டாவதில் ஆட்டுக் கழுத்து மணி கேட்டது.

கரையேறும் இடத்தில் வலது சக்கரம்
மிச்சமிருந்த மணலில் புதைந்து சீறியது.
ஒரு நொடிதான்.
இடது பிடித்து இழுத்தது. ஏறிவிட்டோம்.

குப்பியில் பாதி இருக்கிறது.
இடது திருப்பத்தில் மட்டும் இன்னும் லேசாக ஏதோ.
கூட்டி ஊற்றினால் சத்தம் போகும்,
இப்போது இழுத்த பிடிப்பும் போகலாம்.
சனிக்கிழமை வரை கேட்டுக்கொண்டே ஓட்டிப் பார்க்கிறேன்.
எட்டரைக்கு டியூட்டி.