பதினொரு செக்கன்

கொம்பு ஸ்பீக்கர் எட்டு. நாலு சந்தைப் பக்கம்,
ரெண்டு பள்ளிக்கூட மதிலில்,
ரெண்டு கல்லாற்று ரோட்டுக்குத் திருப்பிக் கட்டினது.
சத்தம் தூரப் போகவேணும் என்றார் செயலாளர்.
அன்றைக்குக் காற்றும் அந்தப் பக்கமே போனது.
தருமபுரத்தில் வெயில் இறங்கி
பிளாஸ்டிக் கதிரைகளின் முதுகு ஆறத் தொடங்கிய நேரம்.

வேட்பாளர் நல்ல பேச்சுக்காரர்.
காணி என்றார். குளம் என்றார்.
"எங்கட தண்ணி எங்கட வயலுக்கு வராமல்
எங்க போகுது? ஆர் குடிக்கினம்?"
கேட்டுவிட்டு நிறுத்தினார்.
பதில் சொல்வது அவர் வேலை இல்லை.
படலையைத் திறந்து வைத்துவிட்டு
மாடு தானாகப் போனது என்று சொல்கிறவர்கள் உண்டு.

மூன்றாம் வரிசையில் ஒருவன் எழும்பி
அந்தச் சொல்லைச் சொன்னான்.

அதை இங்கே எழுதமாட்டேன்.
எழுபத்தேழில் இரத்தினபுரிப் பக்கமிருந்து வந்த லொறியில்
அப்பா ஒரு தகரப்பெட்டியோடு இறங்கியபோது
எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்த சொல்.
காடு வெட்டினோம். கிணறு வெட்டினோம்.
கடைசியில் எல்லாரோடும்
ஒரே பங்கருக்குள் கிடந்தோம்.
பங்கருக்குள் அது வரவில்லை.
வெளியில் நின்றிருக்கிறது.

என் மைக் நல்ல மைக்.
ஆள் பார்த்துக் கேட்காது.
சொல் வயருக்குள் ஏறி
எட்டுக் கொம்பாலும் வெளியே போனது.
அவர் திரும்பிப் பார்த்தார்.
போத்தலைத் திறந்தார். குடித்தார்.
உதட்டைத் துடைக்கும்போது சிரித்தார்.
சிரித்தாரா, துடைத்தாரா என்று பிறகு யாராவது கேட்டால்
இரண்டுக்கும் இடம் வைத்த சிரிப்பு.

பிறகு நாற்பது பேர் சொன்னார்கள்.
பிறகு எண்ணமுடியவில்லை.

மைக் தன் கொம்பைப் பார்த்து நின்றால் ஊளையிடும்.
கொம்பு கக்கியதை மைக் குடிக்கும்,
மைக் குடித்ததைக் கொம்பு கக்கும்,
ஆர் தொடங்கினது என்று பிறகு காட்ட ஏலாது.
ஆனால் ஒரு விரலால் நிறுத்தலாம்.
அவரிடம் ஒரு விரல் இருந்தது.
என்னிடமும் இருந்தது.
எனக்கு அரைவாசிக் காசு வரவேண்டி இருந்தது.
அவருக்கு என்ன வரவேண்டி இருந்ததென்று
உங்களுக்கே தெரியும்.

யோகமலர் போன் எடுத்தாள்:
"நம்ம வாசல்ல கேக்குதுங்க.
உங்க பெட்டியிலருந்துதானே வருது?"

மறுநாள் அறிக்கை விட்டார்:
அதை நான் சொல்லவில்லை, சனத்துக்குள் யாரோ.
பொய் இல்லை. பதிவு என்னிடம் இருக்கிறது.
செயலாளர் வந்து திரையில் விரல் வைத்து,
"இந்தத் துண்டை மட்டும் வெட்டிவிடு" என்றார்.
சொல் ஒரு முள்ளாய் எழுந்து நின்றது.
அவர் விரல் அதில் இல்லை.
அதற்குப் பக்கத்தில் படுத்திருந்த தட்டைக் கோட்டில் இருந்தது.
பதினொரு செக்கன்.
பெரிதாக்கினால் நடுவில் சின்ன நெளிவு,
தொண்டையில் தண்ணீர் இறங்குவது.

கரண்ட் நிண்டு நிண்டு வருகுது, பிறகு பார்ப்போம் என்றேன்.
என் வீரம் அவ்வளவுதான்.

எனக்கு நித்திரை வராமல் செய்வது அது இல்லை.
அன்றிரவு வயர் சுற்றும்போது
ஒரு பொடியன் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.
இருபது வயது மட்டில். துவாரகன் என்றான்.
மூன்றாம் வரிசைக்காரன்.
முழங்கையில், குழந்தையில் பட்ட செல் தழும்பு.
நான் ஆர் என்று அவனுக்குத் தெரியாது.
சிக்குகளை என்னைவிடப் பொறுமையாய் அவிழ்த்தான்,
ஒரு ஒட்டும் பிரியவில்லை.
கடைசிக் கொம்பை லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிவிட்டுக் கேட்டான்:
"அண்ணை, என்ர குரல் நல்லாக் கேட்டதோ?"

கயிற்றை இறுக்கினேன்.

"அவர் சிரிச்சவர்" என்றான்,
"என்னைப் பாத்துத்தான்."