உள்பக்கம்

கலீசிய மலையில் பெருமழைக்கு
இன்னும் ஒன்பது நாள் என்கிறது ரேடியோ.
வீடு தலை திறந்து கிடக்கிறது;
அடுப்புக்கு நேர் மேலே ஒரு பருந்து.

செவ்வாய்க்கிழமையிலிருந்து பேச்சில்லை.
செவலைப் பசுவை யாரைக் கேட்டு விற்றாய்
என்பதோடு நின்றது.
ஆனாலும்
ஏணியில் நின்று சபேலா நீட்ட,
உத்தரத்தில் குந்தி பிராய்ஸ் வாங்க,
சிலேட்டு, ஆணி, சுத்தியல்,
அடுத்த சிலேட்டு.

நானூற்றுப் பன்னிரண்டாவதின் முதுகில்
சாக்பீஸில் அவள் கையெழுத்து:
'முட்டாள்.'

எச்சில் தொட்டு அழித்திருக்கலாம்.
வாயில் கவ்வியிருந்த ஆணிகளில் ஒன்றை எடுத்து
அதன் கீழே ஏதோ கீறி,
எழுத்து உள்பக்கம் போகக் கவிழ்த்து
இரண்டு அடி அடித்தான்.

"என்ன எழுதினாய்?"
கேட்டேவிட்டாள்.

"ஒழுகினால் கழற்றிப் பார்"
என்றான் ஆணிகளுக்கிடையில்,
அடுத்ததற்குக் கை நீட்டி.