மேலும் காண்க

காற்புள்ளியை நீ போடாதே
என்கிறது விதிக்கோப்பு.
ஒவ்வொரு பெயருக்கும் தனி உறை,
உறைமேல் அது போய்ச் சேரவேண்டிய பதிவின் அடையாளம்,
அவ்வளவுதான் என் வேலை.
காற்புள்ளி, சாய்வெழுத்தில் ‘மேலும் காண்க’,
கடைசி முற்றுப்புள்ளி
எல்லாம் அச்சுக்குப் போகையில் தானே வந்து விழும்.
பக்க எண்ணும் அப்படித்தான்.
இன்னும் பிறக்காத பக்கத்துக்கு
வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன்
அரவேணுவில், டயர் கடை மாடியில்,
இன்வெர்ட்டர் தாங்கும்வரை.

மலைச் சொல்லகராதி. ஆயிரத்து நூற்றிரண்டு பதிவுகள்.
எழுதியவர்கள் இரண்டு பேர்.
அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி.

தைலமரம்: காண்க, கற்பூரமரம்.
கற்பூரமரம்: காண்க, யூகலிப்டஸ்.
யூகலிப்டஸ்: காண்க, தைலமரம்.

சோதித்துப் பார்த்தேன்.
பிழை ஏதுமில்லை என்றது கணினி.
அதற்கென்ன, மூன்று கதவும் இருக்கின்றன,
மூன்றும் திறக்கின்றன.
உள்ளே வீடு கட்டினார்களா என்று
அது ஏன் கேட்கப்போகிறது.

ஓரத்தில் ஒரு குறிப்பு போட்டேன்:
ஆசிரியர் கவனத்துக்கு. மரம் எங்கே?

மூன்று நாள் மூடுபனி.
கட்டபெட்டு பக்கம் கிளை விழுந்து கம்பி அறுந்தது.
நான்காம் நாள் பெள்ளிராஜ் சாரிடமிருந்து பதில்:
‘அது நம்ம மலை மரமே இல்லம்மா.
வெள்ளைக்காரன் வெச்சது.
மூணையும் எடுத்துடுங்க.’

எடுத்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

அப்புறம்தான் திரை சிவந்தது.
விறகு.
தலைவலி.
கசப்புத் தேன்.
ஊற்று வற்றுதல்.
செப்பு அண்டா.
சளிக்கு ஆவி பிடித்தல்.
காட்டுத் தீ, அதன் கீழ் இரண்டு இடத்தில்.
எண்ணினால் பதினான்கு பட்டியல்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்
விரலை நீட்டியபடி நிற்கிறது,
நீட்டிய திசையில் ஒன்றுமில்லை.

சென்னையிலிருந்து ஜெசிந்தா போனில் சொன்னாள்:
‘அந்தப் பதினாலையும் தூக்கிட்டா
ஃபைல் சுத்தமாயிடும். ஆறு மணிக்குள்ள அனுப்பு.’

ஐந்தரைக்கு
மூன்றையும் பழைய இடத்திலேயே வைத்தேன்.
ஒன்றையொன்று கைகாட்டிச் சுற்றட்டும்.
பிழை ஏதுமில்லை.

கீழ்வளைவுக் கொட்டகையில்
இலை காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள்.
ஜன்னலைச் சாத்தியும் மூக்கில் ஏறியது.
ஓரக்குறிப்பை மட்டும் அழிக்காமல் அனுப்பினேன்.
அது அச்சில் வராது.