கையளிப்பு

பேர்னிலிருந்து தூனுக்குக் காலை ரயில்.
முதுகில் துப்பாக்கி, மடியில் தலைக்கவசம்,
காலுக்கிடையில் தூக்கமுடியாத பை.
எதிர் இருக்கைப் பெண்மணி,
ரெட்டோவின் முதுகில் இருந்தால்
துப்பாக்கியைப் பார்த்திருப்பாள்.
என் முதுகில் இருந்ததால்
முகத்தைப் பார்த்தாள்.
மூன்சிங்கன் தாண்டும்வரை பார்த்தாள்.
பிறகு ஜன்னலில் நீசன் மலை வந்தது.
அவளுக்கும் வசதி, எனக்கும் வசதி.

இன்றோடு முடிகிறது.
வருடத்துக்கு மூன்று வாரமாய்ப் பிய்த்துப் பிய்த்து
இருநூற்று நாற்பத்தைந்து நாள்.
போர் இல்லை. ஒருநாளும் இல்லை.
காத்திருந்தோம்.
சேற்றில், லொறியில்,
காத்திருக்கச் சொன்னவன் வரும்வரை.
ஈரக் காலுறையும் சீஸும் மணக்கும் கூடாரத்தில்
சீட்டு விளையாடித் தோற்றேன்.
அப்பாவின் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர்:
வீரசிங்கம்.
ஜெர்மன் வாயில் 'வீ' நழுவி 'ஃபீ' ஆகும்.
ஃபீர் என்றால் நாலு.
வீரம் போய்
காலை வரிசையில் நாலுசிங்கமாய் நின்றேன்,
கூப்பிட்டதற்கெல்லாம் 'இங்கே' என்று.

கிடங்கில், மேசைக்குப் பின்னால் ஸ்பிண்டன்.
காதில் பென்சில்.
அவர் சொல்லச் சொல்ல நான் வைத்தேன்.
மழையங்கி. சாப்பாட்டுத் தட்டு. வாயுமுகமூடி.
குழல் துடைக்கும் தூரிகை.

அது இல்லை.
மகள் அதால் பொம்மைக்குத் தலைவாரினாள்.
பொம்மையோடு ஸ்பெயின் போனது,
பொம்மை மட்டும் திரும்பி வந்தது.
ஏழு பிராங் எழுபது.
கட்டினேன்.

'துப்பாக்கியை நீங்களே வைத்திருக்கலாம்.
நூறு பிராங், ஓர் அனுமதிப் பத்திரம்.
வேணுமா?'

பதில் தயாராகத்தான் இருந்தது.
வழியெல்லாம் வாயில் வைத்திருந்தேன்.
பதினெட்டு வயதில் அரசாங்கக் கடிதம் வந்தபோது
அம்மா மூன்று தடவை சொன்ன சொல்.
பன்னிரண்டு வருடம் நிலவறையில்
உறைபெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில்
நின்றது அது.
அம்மா அதைச் 'சாமான்' என்பா.
அரிசி எடுக்க என்னைத்தான் அனுப்புவா.
நானோ
கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவேன்.
வேறெதையும் என்னால் அவ்வளவு ஒழுங்காய்ச்
செய்ய முடிந்ததில்லை.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

பென்சில் காத்திருந்தது.
எனக்குப் பின்னால் ஒருவன் இருமினான்.

'வேண்டாம்' என்றேன்.
தமிழில் வந்துவிட்டது.
ஸ்பிண்டன் நிமிரவில்லை, கோடு போட்டார்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தோம்:
ஆநிரை கவர்ந்தால் வெட்சி,
மண் பிடிக்கப் போனால் வஞ்சி,
வென்றால் வாகை.
எல்லாவற்றுக்கும் பூ வைத்தவர்கள்
ஆயுதத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
ரசீது வாங்குகிறவனுக்கு
ஒன்றும் வைக்கவில்லை.
வெளியே வரும்போது
ஒரு சொசேஜும் பாணும் தந்தார்கள்.
கடுகு தனியாக.

திரும்பும் ரயிலில் என்னை யாரும் பார்க்கவில்லை.
தோள் இரண்டும்
எதையோ மறந்துவிட்டு ஏறியதுபோல்
உயர்ந்து உயர்ந்து வந்தன.

வீட்டில் அப்பா கேட்டது ஒன்றுதான்:
'சப்பாத்து திருப்பிக் குடுக்கேல்லைத்தானே?'
இல்லை. சப்பாத்து நமக்கு.
போட்டுப் பார்த்தார். ஒரு சைஸ் பெரிது.
இதே சத்தம் கேட்டு
மதில் ஏறிக் குதித்த கால்.
மழைக்கு இன்னமும் உளைகிற கால்.
'ரெண்டு காலுறை போட்டாச் சரி' என்றார்.
விடிய நாலு மணிக்குப்
பள்ளிக்கூட வாசலில் அவர் உப்புத் தூவ வேண்டும்.

பழக்கிப் பார்க்கப் படியிறங்கினார்
மூத்த வீரசிங்கம்,
தட், தட் என்று.

சமையலறையிலிருந்து அம்மா
'ஆரது?' என்றா.